முப்பத்தெட்டு கிலோ

வேப்பெண்ணெயும் பழைய வாந்தியும் கலந்த ஒரு வாடை எங்கள் ஊர் டோலிக் கம்பளியில் எப்போதும் இருக்கும். எத்தனை தடவை அலசினாலும் போகாது. ஒரு மூங்கில் கழி, அதில் தொட்டில் மாதிரி கட்டின கம்பளி, முன்னால் ஒரு ஆள், பின்னால் ஒரு ஆள், அவ்வளவுதான் டோலி. ஜவ்வாது மலையிலிருந்து படவேட்டுக்கு இறங்க அன்றைக்கு எங்களுக்கு நடைதான் வழி. பிரசவம் சிக்கினவளையும் பாம்பு கடித்தவனையும் அதில் போட்டுத் தூக்கிப் போவார்கள். நானும் ஒரே ஒரு தடவை அதில் போயிருக்கிறேன். நோய் ஒன்றும் இல்லை. ஓட்டப் பந்தயத்துக்குப் போனேன்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்குப் பதின்மூன்று வயது. மலைமேல் எங்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு சரி, அதற்குமேல் வகுப்பு கிடையாது. எட்டு முடித்த பெண்ணுக்குக் கல்யாணம். என் மாமா மகனுக்கு என்று பேசியும் வைத்திருந்தார்கள்.

நான் நன்றாக ஓடுவேன். அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. ஆறு வயதிலிருந்து விறகும் புளியும் தூக்கிக்கொண்டு மேடு ஏறி இறங்கின கால், ஓடாமல் என்ன செய்யும். டிரில் மாஸ்டர் ஒருவர்தான் அதைப் பார்த்தார். கீழே ஒரு விளையாட்டு விடுதி இருக்கிறது, எடுத்துக்கொண்டால் பன்னிரண்டாவது வரை சோறும் படிப்பும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், ஆனியில் போளூரில் ஆள் எடுக்கிறார்கள் என்றார். சந்தையில் புளி எடைபோடும் தராசில் என்னை ஏற்றிப் பார்த்தார். முப்பத்து நாலு. முப்பத்தெட்டு இல்லையென்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களாம். பக்கத்தில் நின்ற அப்பாவிடம், பிள்ளைக்கு நல்ல சாப்பாடு போடுங்கள், உடம்பு தேறணும் என்று சொன்னார்.

லீவு விட்ட அன்றைக்கு என்னிடம் தனியாக இன்னொன்றும் சொன்னார்.

"ஓட்டத்த மட்டும் விட்டுடாத. துன்ற சோறு காலுக்குப் போவணும்."

அதை நான் வீட்டில் சொல்லவில்லை.

அப்பாவுக்கு எடை என்றால் ஆட்டு எடைதான். விற்கிற ஆட்டை மலையிலிருந்து நடத்திக் கூட்டிப்போனால் படவேடு போவதற்குள் ஒரு கிலோ கரைந்துவிடும் என்று தோளில் போட்டுத் தூக்கிப் போகிற ஆள் அவர். விற்பதற்கு ஒரு மாசம் முன்னாலேயே அதை மேய விடாமல் கட்டிப்போட்டுத் தழை ஒடித்துப் போடுவார். என்னையும் அப்படித்தான் செய்தார். விறகுக்குப் போகாதே, தண்ணிக்குப் போகாதே, "குந்து" என்றார். குந்தினேன். வேப்பமரத்தடியில் ஒரு சாக்கு விரித்து, காலை நீட்டிக்கொண்டு, இரண்டு மாசம் முழுக்க. எனக்கும் அது பிடித்திருந்தது. பொறந்ததிலிருந்து தலையில் சுமை இல்லாமல் ஒரு நாள் இருந்ததில்லை. மாஸ்டர் சொன்னதைச் சொன்னால் குந்துவது போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

போன வருஷம் மழை ஏமாற்றியிருந்தது. வீட்டில் சாமை கொஞ்சம்தான். அதை எனக்கு மட்டும் வடித்தாள் அம்மா. பலாப்பழம் என்றால் பெரிய சுளை எனக்கு, கோழி இட்ட முட்டை எனக்கு. தங்கச்சிகள் இரண்டு பேருக்கும் கூழ், அதுவும் நாளாக ஆகத் தண்ணியாகிக்கொண்டே வந்தது. சின்னவள் ஒருநாள் என் தட்டில் கை வைத்தாள். அம்மா அவள் கையிலேயே ஒரு அடி வைத்துவிட்டு, "அக்கா துன்னாத்தான்டி நமக்கு ஒரு வழி பொறக்கும்" என்று சொல்லி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் மிச்சம் வைக்காமல் தின்றேன்.

வைகாசி கடைசியில் சாமை தீர்ந்துபோனது. அதற்குப் பிறகு எனக்குச் சோறு எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

போளூருக்குப் போகிற அன்றைக்கு அப்பா டோலியைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். நடந்தால் கரைந்துவிடும் என்றார். எனக்கு அழுகை வந்தது. அவர் பார்த்த பார்வையில் ஏறிப் படுத்துவிட்டேன். முன்னால் அப்பா, பின்னால் மாமா.

"இன்னா மச்சான், பொண்ண படிக்க வைக்கிறியா, பாய் கறிக்கடைக்கு வெட்டுக்கு வுடுறியா?" என்று மாமா இறக்கம் பூராவும் முனகிக்கொண்டே வந்தார்.

எதிரில் ஏறி வந்த பெண்கள் டோலியைப் பார்த்ததும் ஒதுங்கி நின்று, யாருக்கு என்ன என்று பயந்துபோய்க் கேட்டார்கள். ஒன்றுமில்லை, ஓட்டப் பந்தயத்துக்குப் போகிறாள் என்றார் மாமா.

"அப்ப ஓடப் போறது யாரு, நீங்க ரெண்டு பேருமா?" என்றாள் ஒருத்தி.

வளைவு தாண்டியும் அவர்கள் சிரிப்பு கேட்டது. நான் கம்பளியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டிருந்தது.

படவேட்டில் எட்டு வாழைப்பழம் வாங்கித் தந்தார். போளூரில் பஸ்ஸை விட்டு இறங்கினதும் ஒரு சொம்புத் தண்ணி. அதற்கப்புறம் வேலிக்கு வெளியே நின்றுவிட்டார். உள்ளே பிள்ளைகளைத்தான் விட்டார்கள். எடை போட்டார்கள். முப்பத்தெட்டரை. எழுதிக்கொண்டு, போ என்றார்கள்.

மைதானத்தை ஆறு சுற்று ஓடணும். இரண்டு சுற்று வரைக்கும் நான்தான் முன்னால். மூன்றாவதில் தொடை நடுங்க ஆரம்பித்தது. அப்படி நடுங்கி நான் கண்டதில்லை. வயிறு தனியாகக் குலுங்கியது. இடுப்பில் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. என் காலை நான் கேட்கிறேன், அது வரவில்லை. நாலாவது சுற்றில் வாழைப்பழம் எல்லாம் வெளியே வந்தது. துடைத்துக்கொண்டு ஓடினேன். ஆறையும் முடித்தேன். எனக்குப் பின்னால் ஒரே ஒருத்திதான் வந்தாள். முதலில் வந்தது கண்ணமங்கலம் பக்கத்துப் பெண், குச்சி மாதிரி இருப்பாள், எடையில் முப்பத்தாறுதான், அவள் மாஸ்டர் பேசி உள்ளே விட வைத்திருந்தார். அவளை எடுத்துக்கொண்டார்கள்.

ஆள் எடுக்க வந்தவர் நல்ல மனுஷன். என்னைக் கூப்பிட்டு, குனிந்து கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார்.

"எடை வந்திருக்கும்மா. கால் போயிடுச்சு. ரெண்டு மாசமா என்ன செய்த?"

"முப்பத்து நாலுதான் இருந்தேன், எட ஏறணும்னு குந்தினு இருந்தேன் சார்."

அவர் ஒன்றும் திட்டவில்லை. ஓட்டக்காரிக்கு எடை தொடையில் ஏறணும், எலும்பில் ஏறணும், ஓடிக்கொண்டே தின்றால்தான் அங்கே ஏறும், உட்கார்ந்து தின்றால் அது ஓடுகிறவளுக்கு மூட்டைதான் என்று பொறுமையாகச் சொன்னார். முப்பத்து நாலிலேயே வந்திருந்தால் பேசிப் பார்த்திருப்பேன் என்றும் சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வேலியோரம் வந்தேன். அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னா சொன்னார் என்று கேட்டார்.

"எட போதலையாம்ப்பா."

அப்படித்தான் வாயில் வந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

திரும்பி ஏறும்போது நடந்தேன். பாதி மேட்டுக்கே மூச்சு வாங்கியது.

ஆடியில் மழை பெய்தது. ஊரே சாமை விதைத்தது. எங்கள் நிலம் சும்மா கிடந்தது. கடைசி ஒரு மாசம் நான் தின்றது விதைச் சாமை என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த வருஷம் எல்லாரும் படவேட்டு வாழைத் தோப்புக்குக் கூலிக்குப் போனோம். தார் சுமந்து சுமந்து கார்த்திகைக்குள் என் கால் திரும்பி வந்துவிட்டது, முன்னைவிட கெட்டியாக. சுமையோடு மலை முழுக்க நிற்காமல் ஏறுவேன். எடை எவ்வளவு இருந்ததோ, யாரும் போட்டுப் பார்க்கவில்லை. தை மாசம் கல்யாணம் ஆனது.

இப்போது மலைக்கு ரோடு இருக்கிறது, பஸ் வருகிறது. நாங்கள் இறங்கின வழியில் முள் அடைத்துக்கொண்டது. டோலியைப் பார்த்ததே இல்லை என்கிறார்கள் என் பேரப்பிள்ளைகள். மாமா போய்விட்டார். அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது.

கடைசிக் காலத்தில் அவருக்கு ஞாபகம் தப்பிவிட்டது, ஆனால் என்னைப் பார்த்தால் மட்டும் ஒன்றைச் சொல்வார். வீட்டில் அப்போது ஒரு பால் வெள்ளாடு இருந்தது. அதையும் அறுத்து உனக்குப் போட்டிருக்கணும், மனசு வரவில்லை, நான்தான் கெடுத்துவிட்டேன் என்பார். விடுப்பா என்று சொல்லிக் கஞ்சியை ஊட்டுவேன். முப்பத்தெட்டரை இருந்தேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. சொன்னால், தங்கச்சிகளைப் பட்டினி போட்டு ஊட்டினதுதான் என் காலைக் கெடுத்தது என்று ஆகும். எது அவருக்குப் பாரம் குறைவு என்று எனக்குத் தெரியவில்லை. ஆறு வருஷமாக யோசிக்கிறேன், இன்னும் தெரியவில்லை.