மூன்றாவது மெழுகுதிரி

நீனா பாவ்லவ்னா ரஷ்யாவில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. ஆனாலும் மவுண்ட் வெல்லிங்டன் பிஸ்கட் தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவர் ரஷ்யக்காரிதான். ரயில் பாதை போடப் போன ரஷ்யர்கள் குடியேறிய சீன நகரமான ஹார்பினில் பிறந்து, அறுபதுகளில் பெரியம்மாவோடு நியூசிலாந்தின் ஒக்லாந்துக்கு வந்தவர். ஆனால் ‘வீடு’ என்று அவர் சொன்னது ரஷ்யாவை மட்டும்.

அவர் வேலை செய்த பெல்ட்டிலேயே பெட்டி ஒட்டுவதற்கு நான் 1987இல் சேர்ந்தேன். எங்கள் பரம்பரையிலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான், அதுவும் ரஷ்யாவின் லெனின்கிராட்டில், சிவில் எஞ்சினியரிங். அந்தப் பட்டம் இங்கே செல்லுமா என்று ஒரு குழு மாதக்கணக்காக யோசித்துக்கொண்டிருந்தது. த்ரீ கிங்ஸில் என்னோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்த கதிர்காமநாதன் அண்ணன், “ஆறு வருசம் படிச்ச பாஷை கடைசியிலை பிஸ்கட் பெட்டி ஒட்டத்தான் உதவுது, என்ன?” என்று பகிடி விடுவார். அது ஒருவகையில் பலித்தது. முதல்நாள் பெல்ட் சிக்கி நின்றபோது வாய் தவறி ரஷ்ய மொழியில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். எதிரே நின்ற அம்மா கையுறையைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார்.

அன்றிலிருந்து மதியச் சாப்பாடு அவரோடுதான். ஆளின் பெயரோடு தகப்பனின் பெயரையும் சேர்த்துக் கூப்பிடுவது அவர்களிடத்தில் மரியாதை. நான் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை ‘மகன்’ என்றார். லெனின்கிராட்டின் நேவா ஆற்றில் பனி உடையும்போது என்ன சத்தம் கேட்கும், ஸ்டேஷனில் காளான் விற்கிற கிழவிகள் தலையில் என்ன கட்டியிருப்பார்கள் என்றெல்லாம் கேட்பார். நான் சொல்லச் சொல்லச் சாப்பிட மறந்துபோவார். நாங்கள் பேசியது ரஷ்ய மொழி. என் காதில் விழுந்தமாதிரியே இங்கே தமிழில் தருகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கள் சின்ன மரக்கோயிலுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஊரிலிருக்கும் என் அப்பாவை நினைத்து ஒரு மெழுகுதிரி வாங்கி, பக்கத்திலிருந்த தாழ்ந்த சதுர மேசையில் வைக்கப் போனேன். என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

“உன்ரை அப்பா இருக்கிறாரெல்லே?”

“ஓம்.”

“அப்ப அதிலை வைக்காதை. அது செத்தவைக்கு.”

உயிரோடு இருப்பவர்களுக்குப் புனிதர் படங்களின் முன்னால் உயரமான தாங்கி இருந்தது. அவர் செத்துப்போன தகப்பனுக்கு ஒரு திரியைத் தாழ்ந்த மேசையில் வைத்தார். தாய்க்கும் தம்பி ஆர்காடிக்கும் உயரமான தாங்கியில் வைத்தார்.

1954இல் சோவியத் அரசு ஹார்பின் ரஷ்யர்களைத் தாய்நாட்டுக்கு வரச்சொல்லி அழைத்தபோது தாயும் தம்பியும் ரயிலேறினார்கள். நுரையீரல் நோயோடு கிடந்த நீனாவைப் பெரியம்மாவிடம் விட்டுப் போனார்கள். சுகமானதும் கூப்பிடுகிறேன் என்றானாம் தம்பி. இவர் எழுதிய கடிதம் ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த வருடக் கடைசியில், சோவியத்தில் கெடுபிடி தளர்ந்த காலத்தில், பலரிடம் எழுதிக் கேட்டுத் தம்பியைக் கண்டுபிடித்தார். தாய் எட்டு வருடம் முன்பே செத்துப்போய்விட்டாள் என்று தம்பி எழுதியிருந்தார். அந்த ஞாயிறு தாயின் திரி தாழ்ந்த மேசைக்கு வந்தது. அதற்குப் பிறகு நீனா பாவ்லவ்னாவுக்கு ஒரே ஆசை: தாயின் கல்லறையைப் பார்க்க வேண்டும், விட்டால் அங்கேயே இருந்துவிட வேண்டும். சூட்கேஸும் வாங்கிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டார். தம்பியோ, முதலில் தான் வருகிறேன் என்று எழுதினார்.

வந்தார். நல்ல உயரம், நரைத்த தலை, அதிகம் பேசாத எஞ்சினியர். தமக்கை பயணப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் விசா கரைச்சல் என்பார், குளிர் தாங்கமாட்டாய் என்பார், அடுத்த வருசம் பார்ப்பம் என்பார்.

ஞாயிறு இருவரையும் நான்தான் காரில் கோயிலுக்குக் கொண்டுபோனேன். ஆர்காடி தாழ்ந்த மேசை முன்னால் நின்று தகப்பனுக்கு ஒரு திரி வைத்தார். தாய்க்கு ஒன்று. பிறகு, ஏதோ யோசனையில், அதே மேசையில் மூன்றாவதையும் கொளுத்தி நட்டார். நட்டபின்தான் தன் கையைப் பார்த்தார்.

நீனா பாவ்லவ்னா பூசை முடியும்வரை அந்தத் திரியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். காரில் ஏறியதும் தம்பியைச் செல்லப்பெயர் சொல்லிக் கேட்டார்.

“மற்றது ஆருக்கு, ஆர்காஷா?”

“கை பழகிப்போச்சு.”

“எதுக்குப் பழகினது?”

ஹில்ஸ்பரோவில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேருமுன் எல்லாம் வெளியே வந்தது. ஆர்காடி வேலை செய்தது ராணுவத்துக்குச் சாமான் செய்யும் ஆலையில். வெளிநாட்டில் தமக்கை இருக்கிறவனை அங்கே வைத்திருக்கமாட்டார்கள். எனவே தனக்கு யாருமில்லை என்று சொல்லி வேலையில் சேர்ந்தார். தாயோ தபால்காரனைக் கண்டால் மகளின் கடிதம் கேட்காமல் விடமாட்டாள். வாய் திறந்து யாரிடமாவது மகளைப் பற்றிச் சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில், நீனா நோயில் செத்துப்போனாள் என்று தாயிடம் சொல்லிவிட்டார். பிறகு வந்த கடிதங்களை வாங்கி எரித்தார். தாய் சாகும்வரை கணவனுக்கும் மகளுக்குமாக இரண்டு திரி வைத்தாள். அவளுக்குப் பின், அவளுடைய நினைவுநாளில் மகன் ஒளித்துப் போய், அவள் வழக்கப்படியே, அவளுக்கும் சேர்த்து மூன்றாக வைத்துவந்தார்.

“அம்மா அழுதவாவோ?”

“ஒரு வருசம் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை.” என்றார் ஆர்காடி. “அம்மான்ரை கல்லறையிலை உன்ரை பேரும் வெட்டிக் கிடக்கு. அம்மாதான் கேட்டவா. நீ அங்கை வந்து நிண்டால் என்ரை மனிசி பிள்ளையளுக்கு நான் என்ன சொல்லுறது?”

பச்சை விளக்கு விழுந்தும் நான் காரை எடுக்கவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

“அப்ப நீ என்னைப் பாக்க வரேல்லை,” என்றார் நீனா பாவ்லவ்னா. “நான் வராமலிருக்க வந்தனி.”



தம்பி திரும்பிப் போகும் நாளன்று நீனா பாவ்லவ்னா அவருக்கு ஜாம் போத்தல்களைத் துணியில் சுற்றிக் கொடுத்து, வீட்டு வாசல் கேட்டோடு நின்றுவிட்டார். விமான நிலையத்துக்கு நான் தனியாகத்தான் கொண்டுபோய் விட்டேன். திரும்பி வந்தபோது சூட்கேஸ் கட்டிலின்மேல் திறந்து கிடந்தது. அதற்குள் பழைய போர்வைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு வழக்கம்போலவே மூன்று மெழுகுதிரி வாங்கினார். தகப்பனுக்கும் தாய்க்கும் வைத்துவிட்டு, தம்பிக்கான மூன்றாவதோடு உயரமான தாங்கியின் முன்னால் போய் நின்றார். பாதிரியார் கடைசி ஆசீர்வாதம் கொடுக்கும்வரை நின்றார். கைச்சூட்டில் திரி வளைந்துவிட்டது. அதை விரலால் நிமிர்த்தி, கொளுத்தாமலே வாசலில் திரி விற்கிற பெட்டியில் திரும்பப் போட்டார்.

“வா மகன்,” என்றார். “நாளைக்குக் காலமை ஷிப்ட்.”