டென்சன் கம்பி

கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எங்கள் கொல்லை இருக்கிறது. அதில் குச்சிக்கிழங்கு போட்டால் போதும், காட்டுப்பன்றிகள் குடும்பத்தோடு விருந்துக்கு வந்துவிடும். அதைத் தடுக்க என் கணவர் மோட்டார் கொட்டகையிலிருந்து கரண்ட் எடுத்து வரப்போரம் கம்பி கட்டியிருந்தார். ஒருநாள் விடிந்ததும், கரண்டை நிறுத்திவிட்டோம் என்ற நினைப்பில் உள்ளே இறங்கினார். நான்கு பேர் தூக்கிக்கொண்டுதான் அவரை வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள்.

அதன்பிறகு அவரைப் பெற்ற என் அத்தை கொல்லைப் பக்கம் திரும்பவில்லை. ஒரே வீட்டில் இருந்தும் நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை. மகன் போனதும் மருமகள் எதற்கு என்று அவர் நினைப்பதாக எனக்குள் ஒரு குமைச்சல்.

தரிசாகக் கிடந்த நிலத்தை மறுபடி உழுவதென்று முடிவெடுத்தபோது, முதலில் வேலி, அதுவும் கரண்ட் இல்லாத வேலி என்றேன். சாதாரணக் கம்பியைப் பன்றி முட்டியே தொய்ய வைத்துவிடும், அதனால் இழுத்துக் கட்டினால் தொய்யாத ஹைடென்சைல் கம்பி போடலாம் என்றார் கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த வேலிக்காரர். மூலைக்கு மூலை இடுப்பளவு குழி வெட்டி, கருங்கல் தூண் நட்டு, காங்கிரீட் போட்டு, முட்டுக்கல் கொடுத்தார்கள். மூலைக்கல் இறுகுமுன் கம்பியை இழுத்தால் கல் சாய்ந்து வேலியே போய்விடுமாம். எனக்குப் பொறுமை கிடையாது. ஆனாலும் காத்திருந்தேன்.

அந்த நாட்களில் அத்தை சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவார். செலவு செய்கிறேன் என்று முறைக்கிறார் போல என்று நானும் முறுக்கிக்கொண்டு திரிந்தேன்.

கம்பி இழுத்த அன்று, கீழ் வரிசைகளைப் பன்றி மூக்கு நுழையாதபடி நெருக்கமாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மேல்கம்பியைப் பிடித்து இறுக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டிப்பாதையில் அத்தை ஓடி வந்தார், கையில் ஒரு காய்ந்த குச்சியோடு. வந்த வேகத்தில் என் மணிக்கட்டில் ஓங்கி அடித்தார். கரண்டில் ஒட்டிக்கொண்டவரை அப்படித்தான் பிரிப்பார்கள்.

"எம்புள்ளைய தின்ன கரண்ட மறுபடியும் சுத்தி வெக்கிறியே. நீயும் போய்ட்டா நான் யாராண்ட போவேன்?"

அப்போதுதான் விளங்கியது. வேலிக்காரரின் ஆட்கள் எங்கள் வாசலில் டீ குடித்தபடி "டென்சன் கம்பி, டென்சன் கம்பி" என்று பேசியதை அத்தை கேட்டிருக்கிறார். எங்கள் பக்கம் டென்சன் கம்பி என்றால் டவரில் போகிற ஹைடென்சன் கரண்ட்தான். அதைக் கேட்டுத்தான் இத்தனை நாள் சோறு இறங்கவில்லை. என்னை இழந்துவிடுவோம் என்று ஒருத்தி பயந்திருக்கிறாள் என்பதை மணிக்கட்டு வலியோடு தெரிந்துகொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இதுல கரண்ட் இல்ல அத்த. வெறும் கம்பி. இழுத்துக் கட்டுனா பன்னி பூராது, அவ்ளோதான்."

நான் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக் காட்டினேன். அவர் நம்பவில்லை. குச்சியைக் கீழே போட்டுவிட்டு, முதலில் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு விரல்களால் பற்றி அசைத்தார். கம்பி கொஞ்சமும் தொய்யவில்லை.

"இது எம்புள்ள உசுரோட இருந்தப்பவே இருந்துதா?" என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"இருந்துது அத்த. கள்ளக்குறிச்சி கடையிலயே இருந்துது."

அத்தை கம்பியை விடாமலே அப்படியே மண்ணில் உட்கார்ந்தார்.