பேசக் கூடாத அண்ணன்

கடாவுத் தீவின் தென்கரையில், தலைவரின் சொல்லைச் சபைக்கு எடுத்துரைக்கும் குலத்தில் பிறந்தவள் லவேனியா. அவள் தந்தை சமிசோனி அக்குலத்தின் மூத்தவர். ஊர்த் தலைவர் சபையில் உரக்கப் பேசுவதில்லை. அவர் தாழ்ந்த குரலில் சொல்வதைச் சமிசோனிதான் மண்டபம் அதிர எடுத்துச் சொல்வார். லவேனியாவுக்கு மூளைக்காய்ச்சல் வந்து செவி போனது எட்டு வயதிலா ஒன்பதிலா என்பதில் அவள் தாய்க்கும் அத்தைக்கும் ஒத்த கருத்து இல்லை. ஞானஸ்நானத் தேதியை வைத்துப் பார்த்தால் ஒன்பது என்பதே சரி. எப்படியாயினும், அவள் நினைவில் கடைசியாகத் தங்கிய பெருங்குரல் தந்தையுடையது.

பேச்சு அவளை விட்டுப் போகவில்லை. தாய்மொழியை உதடுகளில் படித்துவிடுவாள், ஆங்கிலம்தான் பிடிபடாது. தலைநகரான சுவாவில் செவித்திறனற்றோர் பள்ளியில் சைகை மொழி கற்று, இறுதித் தேர்வில் தேறி, பல்கலைக்கழகத்தில் கடலுயிரியல் படிக்கச் சேர்ந்தாள். அவ்வளவு தூரம் வந்தவர் அவர்கள் கிளையில் அதுவரை யாருமில்லை. தங்கியது நகரின் ரைவாங்காப் பகுதியில், அத்தை மகள் தோரிக்காவின் ஒற்றை அறையில். தோரிக்காவுக்கு ரொட்டிக் கடையில் வேலை.

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான உதவிப் பிரிவைச் சுனிலா என்பவர் நடத்திவந்தார். முன்வரிசை இருக்கை, குறிப்பெடுத்துத் தர ஒரு மாணவி, தேர்வில் கூடுதல் நேரம் என்று அனைத்தையும் முதல் நாளே ஏற்பாடு செய்தவர், "முக்கியமானது இதுதான்" என்று ஒரு இளைஞனை அழைத்து நிறுத்தினார். பெயர் பெனாயா. ரக்பி ஆடிய தோள்கள். தாய் செவித்திறனற்றவர் என்பதால் சைகையே அவனுக்கு முதல் மொழி. விரிவுரைகளை இனி அவன் கைகள் அவளுக்குச் சொல்லும்.

அந்த முதல் வாரத்தை லவேனியா பின்னர் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறாள். விரிவுரையாளர் ஹென்றி தாடியை வருடிக்கொண்டு கடல் வெள்ளரியைப் பற்றி ஏதோ வேடிக்கையாகச் சொன்னார், வகுப்பு சிரித்தது, அவளும் அதே கணத்தில் சிரித்தாள். அதற்கு முன்பெல்லாம் பிறர் சிரித்து ஓய்ந்த பிறகு, என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தனியாகச் சிரிப்பதே அவள் வழக்கம்.

வெள்ளிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றபோது பெனாயா கையால் கேட்டான். "எந்த ஊரு நீங்க?"

சொன்னாள். அவன் கைகள் பாதியில் நின்றன.

"சமிசோனி வீடா?"

"அவர் மகள்."

பெனாயாவின் பாட்டனாரும் சமிசோனியின் தந்தையும் உடன்பிறந்தவர்கள். அவன் தந்தை இளமையிலேயே லவுட்டோகா நகரின் சர்க்கரை ஆலைக்குப் போய், அங்கேயே மணந்து, அங்கேயே மறைந்துவிட்டதால் இரு வீட்டுப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. கணக்குப் போட இருவருக்கும் நேரம் பிடிக்கவில்லை. அவன் அவளுக்கு அண்ணன். வயது வந்த அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசுவதில்லை, முகம் பார்ப்பதில்லை, கேட்க வேண்டியதை மூன்றாம் ஆள் மூலமே கேட்பார்கள். அதுதான் அவர்கள் ஒருவருக்கொருவர் தரும் மரியாதை. பெனாயா முகத்தைத் திருப்பிக்கொண்டு மழையில் இறங்கி நடந்தான்.

திங்களன்று வகுப்பில் அவன் பின்சுவரைப் பார்த்தபடி கைகளை அசைத்தான். லவேனியா தரையைப் பார்த்தபடி அமர்ந்திருந்தாள். நகரத்தில் வளர்ந்தவனுக்கு முறை தெரியாது என்று ஊரார் சொல்லிவிடக் கூடாதென்பதில் அவனுக்கு இரட்டைக் கவனம். அவளோ சமிசோனியின் மகள். மற்ற மாணவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாரும் பார்க்காத கைகள் நாள்தோறும் பேசிக்கொண்டே இருந்தன.

இடைத்தேர்வில் அவள் தோற்றாள். சுனிலா அழைத்தனுப்பி, தமக்குத் தெரிந்த சைகையும் நிதானமான உதடுமாகக் கேட்டார்.

"பெனாயா ஏதாவது தப்பா நடந்துக்கிட்டானா? பயப்படாம சொல்லும்மா, நான் பாத்துக்கறேன்."

"ஐயோ, இல்ல மிஸ். அவர் நல்லவர்."

"அப்புறம் ஏன் தரையையே பாத்துக்கிட்டு இருக்கே? தரையிலயா பாடம் எழுதியிருக்கு?"

லவேனியா மனத்துக்குள் கணக்குப் போட்டாள். முறையைச் சொன்னால் அவனை மாற்றிவிடுவார்கள். காரணம் வெளியே தெரியாமல் மாற்றப்பட்டவன் என்ற பேச்சு அவன் பெயரில் ஒட்டிக்கொள்ளும். அவன் வேலையைக் கெடுத்தவள் தங்கை என்றாகும்.

சுனிலா பெருமூச்சு விட்டார். "வேற ஆள் கேட்டா என்கிட்ட இல்ல. ஒருத்தர் கோர்ட்டுல, ஒருத்தர் ஆஸ்பத்திரியில. அடுத்த மாசம் கருத்தரங்கு. நீ பேசணும், கேள்விக்குப் பதில் சொல்லணும். அதுவும் போச்சுன்னா இந்தப் படிப்பே போச்சு. நல்லா யோசிச்சுக்கோ."

அன்று மாலை தோரிக்கா கடையில் மிஞ்சிய ரொட்டியும் டின் மீனுமாக அறைக்கு வந்தாள். செய்தியைக் கேட்டதும் கத்தியை ரொட்டியில் குத்தி நிறுத்தினாள்.

"ஏன் மதினி, காதுதான் போச்சு, சரி. கண்ணையும் சேத்து மூடிக்கிட்டா எதை வச்சுப் படிப்பே? மூக்காலயா?"

"அண்ணன் முறைடீ."

"சுவாவுல பாதிப் பேரு இதையெல்லாம் மறந்தாச்சு."

"உங்க அம்மாவும் எங்க அப்பாவும் மறந்துட்டாங்களா?"

தோரிக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவங்களா? ஒரு உப்புக்கல்லு வேணும்னாலும் என்னையத்தானே நடுவுல ஓட விடுவாங்க. 'உன் மாமாகிட்ட கேளு'ன்னு அம்மா சொல்லும். மாமா பக்கத்துலயே உக்காந்திருப்பாரு!"

லவேனியா சிரிக்கவில்லை. அவள் கண் ரொட்டியில் நின்ற கத்தியின் மேல் இருந்தது. மனம் வேறெங்கோ போயிருந்தது.

"ஒரு தடவை பேசினாரு," என்றாள்.

"யாரு?"

"அப்பா. உங்க அம்மாகிட்ட. நேருக்கு நேரா."

புயல் அடித்து ஓய்ந்த ஆண்டு அது. அவளுக்கு அப்போது செவி இருந்தது. கரையோர வீடுகளை மேட்டுக்கு மாற்ற வேண்டும் என்று தலைவர் முடிவு செய்தார். முதல் வீடு தோரிக்காவின் தாயுடையது. சபையில் சமிசோனி கைகளைக் குழித்து மூன்று முறை தட்டினார். தம் தங்கையின் முகத்தை நேராகப் பார்த்தார். அவள் பெயரைச் சொல்லி, தலைவரின் ஆணையை ஒரு சொல் விடாமல் உரைத்தார். அவளும் நிமிர்ந்து கேட்டாள். மீண்டும் கைதட்டல். அத்துடன் இருவர் பார்வையும் தாழ்ந்தது. வீடு திரும்பியதும் பழையபடி உப்புக்குத் தோரிக்கா ஓடினாள். சமிசோனி முறை மீறிவிட்டார் என்று அன்று யாரும் சொல்லவில்லை. பேசியது அவரில்லை, தலைவர்.

"ஆமா," என்று தோரிக்கா மெல்லச் சொன்னாள். "அம்மா இன்னிக்கும் அதைச் சொல்லிக்கிட்டு இருக்கும்." பிறகு கண்ணைச் சுருக்கினாள். "அப்போ அந்தத் தாடிக்காரருதான் தலைவரா?"

"வகுப்புல அவர் சொல்லுதானே நடக்குது."

"இதைக் கேட்டா கடாவு தாங்காது மதினி!"

மறுநாள் பல்கலைக்கழக உணவகத்தின் நீள இருக்கையில் மூவர் அமர்ந்தனர். ஒரு முனையில் பெனாயா கடலைப் பார்த்தபடி, மறுமுனையில் லவேனியா, தோரிக்காவின் உதடுகளை மட்டும் பார்த்தபடி, நடுவில் தோரிக்கா. பெனாயா தோரிக்காவுக்கு மாமன் மகன் முறை. அவர்களுக்கிடையே எந்தக் கேலிக்கும் தடையில்லை; அதை அவள் வீணாக்கவுமில்லை.

"மச்சான், உன் தோளைப் பாத்தா படகையே தூக்கிருவே போல. ஒரு பொண்ணுக்குப் பாடம் சொல்ல மட்டும் கை நடுங்குதா?"

பெனாயா ஏதோ சொன்னான். தோரிக்கா திரும்பினாள். "உன் அண்ணன் சொல்றான், கை நடுங்கலையாம். நான்தான் அதிகம் பேசறேனாம்."

"விஷயத்தைச் சொல்லுடீ," என்றாள் லவேனியா.

தோரிக்கா விஷயத்தைச் சொன்னாள். அவன் கேள்வி தோரிக்காவின் வாய்வழி வந்தது. "அவனும் அந்தக் குலம்தானாம், புரியுதாம். ஆனா தலைவர் சொல்லு எங்க தொடங்குது, அவன் சொல்லு எங்க முடியுதுன்னு எப்படித் தெரியும்? வகுப்பு முடிஞ்சு வாசல்ல நிக்கும்போது அவன் யாரு?"

லவேனியா தந்தையைப் போல் உள்ளங்கைகளைக் குழித்து, ஒன்றன் மேல் ஒன்றாக, மூன்று முறை தட்டினாள். அந்த ஒலி அவளுக்குக் கேட்காது. மணிக்கட்டு வரை அதிர்ந்தது. பெனாயா திரும்பிப் பார்க்கவில்லை. கடலை நோக்கியபடியே தன் கைகளைக் குழித்து மூன்று முறை தட்டினான். அவன் தோள்கள் அசைவதை ஓரக்கண்ணில் கண்டுகொண்டாள்.

சுனிலாவிடம் இப்போது எல்லாவற்றையும் சொல்ல முடிந்தது. அவர் கேட்டு முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்க மாமியார் சாகற வரைக்கும் எங்க மாமனார் பேரை வாயால சொன்னதில்ல. தபால்காரர் வந்தா என்னையச் சொல்லச் சொல்லும். எனக்கா இது புரியாது? மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"மொத நாள் நீங்க காதைப் பத்தி மட்டும்தான் கேட்டீங்க, மிஸ்."

சுனிலா கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பின்னர் விரிவுரையாளர் அனைவருக்கும், வகுப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு நிமிடம் விட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். காரணம் கேட்டவர்களுக்கு, அவருக்கு அது தேவை என்பதே காரணம் என்றார்.

அடுத்த வகுப்பில் பெனாயா கரும்பலகையின் அருகே நின்று கைகளைத் தட்டினான். லவேனியா தலையை நிமிர்த்தினாள். முதலில் கழுத்தே ஒத்துழைக்கவில்லை. அவன் கண்கள் அவள் கண்களில் நின்றன. ஆனால் அவை அண்ணனின் கண்களாக இல்லை. கைகள் பேசத் தொடங்கின. வகுப்பு முடிந்து மறுபடியும் கைதட்டல் எழுந்ததும், இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்களைப் போல வேறு வேறு வாசல்களில் வெளியேறினர். ஹென்றி இரண்டாம் வாரத்திலிருந்து, யாரும் சொல்லாமலே, கைதட்டல் முடியும்வரை சுண்ணக்கட்டியைக் கையிலெடுக்காமல் நின்றார்.

கருத்தரங்கு நாளன்று லவேனியா வெளிர்ந்த பவளங்களைப் பற்றிச் சைகையில் பேசினாள். பெனாயா அதை ஆங்கிலத்தில் சொன்னான். தொடங்குமுன் அவன் வழக்கம்போல் ஹென்றியின் பக்கம் நிற்கப் போனவன், ஒரு கணம் தயங்கினான். பிறகு அவள் பக்கம் வந்து, அவளை நோக்கிக் கைகளைத் தட்டினான். இன்று சொல் அவளுடையது, எடுத்துரைப்பவன் அவன்.

கடைசிக் கேள்வி ஹென்றியுடையது. "உங்கள் ஊர்ப் பாறைத்திட்டில் மீன்பிடிக்கத் தடை போட்ட இடத்தில் பவளம் பிழைத்தது என்கிறீர்கள். தடைதான் காரணம் என்று எப்படிச் சொல்வீர்கள்? அங்கே நீரோட்டம் குளிர்ந்ததாக இருக்கலாமே?"

கைகள் அதைக் கொண்டுவந்து சேர்த்தன. அவள் யோசித்தாள். அவள் யோசித்து முடிக்கும் வரை அவன் கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான். "இருக்கலாம்," என்றாள். "அதனால்தான் ஒரே நீரோட்டத்தில் உள்ள இரண்டு இடங்களை எடுத்துக்கொண்டேன். வெப்பம் ஒன்றே. தடை மட்டும் ஓரிடத்தில்." அவன் குரலில் அந்தப் பதில் அறையெங்கும் போனது. அந்தக் குரல் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. கேட்டவர்களின் முகங்கள் நிமிர்ந்ததை மட்டும் பார்த்தாள். ஹென்றி தாடியை வருடி, தலையசைத்து, மதிப்பெண்ணை எழுதினார்.

அவள் தேறினாள். பின்னர் படிப்பையும் முடித்தாள். அது வேறு விவரம்.

அன்று கருத்தரங்கின் கைதட்டல் முடிந்து வெளியே வந்தபோது பெனாயா தூணை நோக்கித் திரும்பி நின்று வழிவிட்டான். லவேனியா தலை குனிந்து கடந்தாள். படிக்கட்டின் கீழே தோரிக்கா கடைப் பையுடன் காத்திருந்தாள்.

"பாஸா?"

"பாஸ்." அவள் குரல் வழக்கத்தைவிட உரத்திருக்க வேண்டும், நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தனர். "தோரிக்கா, அவர்கிட்ட சொல்லு."

"என்னன்னு?"

லவேனியா கடைப் பையிலிருந்து, இன்னும் சூடு ஆறாத ஒரு முழு ரொட்டியை எடுத்துத் தோரிக்காவின் கையில் வைத்தாள்.

தோரிக்கா படியேறிப் போனாள். வெகுநேரம் கழித்துத் திரும்பினாள்.

"என்ன சொன்னாரு?"

"உனக்கு ஒண்ணும் சொல்லல," என்றாள் தோரிக்கா. அவள் முகம் சிவந்திருந்தது. "நாளைக்கும் நானே ரொட்டி கொண்டு வரணுமாம்."