பைக்கு அடியில் பந்தயப் பக்கம்

மாக் பூன்-சீங் தண்ணீர்ப் பையைத் தூக்கி, விரித்து வைத்த செய்தித்தாளின் குதிரைப் பந்தயப் பக்கத்தின் மேல் கிடத்துகிறார். மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பையினூடே படிக்கிறார். "மூணாவது பந்தயம். அஞ்சாம் நம்பர், சிரிக்கும் பெரியப்பா. ஏழாம் நம்பர், மழைவிட்ட வெயில்." பிறகு நிமிர்ந்து, "சுத்தம்" என்கிறார்.

பையில் இருப்பது அவர் வயிற்றிலிருந்து இப்போதுதான் வடிந்தது. சிறுநீரகங்கள் கைவிட்டுப் பல வருடமாயிற்று. வயிற்றில் பதித்த குழாய் வழியாக மருந்து நீரை ஏற்றி, ஊறவிட்டு, உடம்பின் கழிவோடு வடித்தெடுக்கிறார். தினமும் நாலு தடவை. வடிந்த நீர் சாமந்தித் தேநீர் மாதிரித் தெளிந்திருக்க வேண்டும். அடியில் உள்ள அச்செழுத்து தெரிய வேண்டும். அரிசி கழுவிய தண்ணீராகக் கலங்கியிருந்தால் வயிற்றுக்குள் அழற்சி. அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான்.

ஷாம் ஷுய் போவில் எங்கள் கட்டடப் படிக்கட்டுக்கு அடியில் அவருடைய சாவிக்கடை. நீர் வடிக்கும் நேரமானதும் 'அரை மணியில் வருகிறேன்' பலகையை மாட்டிவிட்டு மாடி ஏறுவார். மனைவி சௌ-லிங்கை நடைவழிக்குத் துரத்துவார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, ஜன்னலை அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, முகக்கவசத்தோடு குழாயை மாட்டுவார். அதன் பிறகு மரக்கதவு திறக்கும். வடிந்து முடியும் வரை வாசல் இரும்புக் கிராதிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் எதிர்வீட்டுக்காரனான நான். மருந்து அட்டைப்பெட்டிகளை அடுக்கி மெத்தை போட்டு உட்கார்ந்திருப்பார். "ஆஸ்பத்திரிக்காரன் குடுத்த சோபா. உன் வீட்ல இருக்கா?"

கட்டடம் முழுக்க அவர் வெட்டிய சாவிகள்தான். ஆனால் தன் கடைப் பூட்டுக்கு மட்டும் ஒரே சாவி, அதுவும் கழுத்துக் கயிற்றில். பெண்டாட்டியிடம்கூடக் கொடுத்ததில்லை. கேட்டால், "ரெண்டாவது சாவி வந்துட்டா அது பூட்டே இல்ல, தம்பி" என்பார்.

போன வசந்த காலத்தில் ஒரு காலை, வழக்கம்போல் ஒரு பெயர் தடுக்காமல் படித்து முடித்தார். நான் என் காதால் கேட்டேன். சாயங்காலம் கடையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். காலையிலேயே பை கலங்கித்தான் இருந்திருக்கிறது. முந்தின நாள் முழுக்க அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் அத்தனையும் மனப்பாடம். "கண்ணு படிச்சுதா, வாய் படிச்சுதான்னு எனக்கே தெரியல, தம்பி." பொய் சொன்னாரா, நிஜமாகவே நம்பினாரா? அந்தக் கேள்வி இன்றைக்கும் என்னை விடமாட்டேன் என்கிறது.

"பொரிச்ச வாத்து தின்னேன், சூடாயிடுச்சு" என்று அவர் வாத்தின் மேல் பழி போட்டார். வாடிக்கையாளர் காத்திருக்கும் அவசரத்தில் குழாய் நுனியைத் தொட்டிருக்கிறார் என்றாள் நர்ஸ். டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: கலங்கியதும் வந்தால் மருந்தோடு போகும். இன்னொரு தடவை முற்றவிட்டால் குழாயையே எடுக்க வேண்டும். அப்புறம் வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு படுத்துக் கிடக்க வேண்டும், கடைக்கு மூடுவிழாதான்.

வீடு திரும்பியதும் சௌ-லிங் பந்தயப் பக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு மரண அறிவிப்புப் பக்கத்தை விரித்தாள்.

"பந்தய நாளும் அதுவுமா செத்தவன் பேரைப் படிக்கச் சொல்றியா?"

"அந்தப் பக்கத்துல உங்க பேர் வந்துரக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தார். பந்தயப் பக்கம் திரும்பி வந்தது.

போன சனிக்கிழமை சௌ-லிங் சந்தைக்குப் போயிருந்தாள். நான் மாடி ஏறி வந்தபோது மாக் அண்ணன் பந்தயப் பக்கத்தின் மேல் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாய் அசையவில்லை.

"தம்பி, கையில என்ன?"

"புது நூடுல்ஸ் கடை நோட்டீஸ், அண்ணே. வாசல்ல இப்பத்தான் குடுத்தான்."

"நான் பார்க்காததுதானே? குடு."

கிராதி வழியாகக் கொடுத்தேன். பந்தயப் பக்கத்தை உருவிப் போட்டுவிட்டு அதைப் பைக்கு அடியில் செருகினார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மேல கொட்டை எழுத்துல மாட்டிறைச்சி நூடுல்ஸ்னு போட்டிருக்கா?"

"இல்லண்ணே. மீன் உருண்டை."

அவர் பையைச் சந்தைப் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டார். செருப்பை மாட்டினார். பிறகு கழுத்துக் கயிற்றைத் தலைவழியே கழற்றி, அந்த ஒரே சாவியைக் கிராதிக் கம்பிகளுக்கு நடுவே என் பக்கம் நீட்டினார்.