என் பெயருக்கு ‘இருக்கேன்’ சொன்னவள்

எங்கள் தோட்டத்தில் வேதக்கார வீடுகள் ஏழுதான். மற்ற வீடுகளெல்லாம் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்களுடையவை. மலேசியாவில், ஈஜோக்கிலிருந்து கோலசிலாங்கூர் போகும் சாலையில் மற்ற தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டிருக்க, எங்களுடையது மட்டும் இன்னும் ரப்பராகவே இருந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு முப்பது வயது, இரண்டு பிள்ளைகள், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற, பால்மரம் வெட்டுகிற வேலை. கணவர் தோட்டத்து லோரி ஓட்டினார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதைத் தோட்டமே ஒப்புக்கொள்ளும்.

எங்களிடையே ஒரு வழக்கம் இருந்தது. கோயில் திருவிழா மூன்று நாள் நடக்கும். நிர்வாகம் கொடுப்பது ஒரு நாள் லீவு. மற்ற இரண்டு நாளும் விரதம் இருப்பவர்கள், பால்குடம் எடுப்பவர்கள் என்ன செய்வது? வேதக்கார வீட்டுப் பெண்கள் அவர்களுடைய மரத்தையும் சேர்த்து வெட்டுவோம். பெரிய வெள்ளி வந்தால் அவர்கள் எங்களுடையதை வெட்டுவார்கள். தன் மரங்களை முடித்துவிட்டு ஓட்டமும் நடையுமாக மற்றவளுடைய மரங்களுக்குப் போக வேண்டும். வெயில் ஏறிவிடுவதால் பால் கம்மியாகத்தான் இறங்கும். ஆனாலும் இரண்டு பேருக்கும் வருகைக் கணக்கில் பெயர் விழுந்துவிடும். விடியுமுன் எல்லாரும் வரிசையில் நிற்கும் பெரட்டில், எங்கள் மேற்பார்வையாளரான மண்டோர் பெயர் கூப்பிடும்போது, ஒருத்தியே இரண்டு பெயருக்கும் ‘இருக்கேன்’ சொல்வாள். மண்டோர் நிமிர்ந்து பார்க்காமல் புத்தகத்தில் கோடு போடுவார். தோட்டத்தை நிர்வகித்த பழைய துரைக்கும் இது தெரியும். அவர் அந்த நாட்களில் பெரட்டுக்கு வரவே மாட்டார்.

எனக்கு ஜோடி, சுவர் ஒட்டிய பக்கத்து வீட்டு அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவள், கணவனை இழந்தவள், ஒரே மகன். அவளுடைய மரங்களும் என்னுடையவையும் அடுத்தடுத்து இருந்தன. ஆறு வருடம் அவள் திருவிழாவுக்கு நான் வெட்டினேன், என் பெரிய வெள்ளிக்கு அவள் வெட்டினாள். இதில் தப்பு ஏதாவது இருக்கிறதா என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. சொல்லப்போனால், இதைவிட நல்ல காரியம் தோட்டத்தில் வேறு இல்லை என்றே நினைத்திருந்தேன்.

பிறகு புதுத் துரை வந்தார். தமிழர்தான். ஆனால் எங்களோடு மலாயில்தான் பேசுவார். ரப்பரை அவர் அதற்குமுன் டயராகத்தான் பார்த்திருப்பார் என்பது என் எண்ணம். வந்த மாதமே, தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்று, சாலையோர மரங்களில் பால் வடியும் மங்குகளையெல்லாம் சாலையைப் பார்த்துத் திருப்பிக் கட்டச் சொன்னார். வரிசையாகத் தெரிய வேண்டுமாம். வெட்டு ஒரு பக்கம், மங்கு ஒரு பக்கம். பால் முழுவதும் மண்ணில் வடிந்தது. வந்த பெரியவர்களில் ஒருவர் இது என்ன என்று கேட்டபோது, அக்கா பட்டென்று சொல்லிவிட்டாள்.

“மங்குக்கு வேடிக்கை பார்க்க ஆசையா இருக்குன்னு தொரை திருப்பிவிடச் சொன்னாருங்க.”

பெரியவர் சிரித்தார். துரை சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அக்காமேல் அவருக்கு ஒரு கண்.

அந்த வருடம் பெரிய வெள்ளிக்கு நாங்கள் ஏழு வீட்டுக்காரர்களும் முறையாக லீவு கேட்டோம். துரை நாட்காட்டியைத் திருப்பிப் பார்த்தார். அந்தத் தேதி சிவப்பில் அச்சாகவில்லை, அதனால் அது பண்டிகையே இல்லை என்று சொல்லிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நாட்காட்டியைப் பிடுங்கி அவர் தலையிலேயே போட்டிருப்பேன். வீட்டுக்கு வந்து கத்தினேன். அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தாள்.

“எதுக்குலா இப்படிக் கத்துற? எப்பவும் போல நான் பார்த்துக்கிறேன். நீ கோயிலுக்குப் போ.”

போனேன். கோலசிலாங்கூரில் மூன்று மணி நேர ஆராதனை. ஆளுநர் முன்னால் ஒரு குற்றமும் செய்யாத ஆண்டவரைக் கொண்டுபோய் நிறுத்தியதைப் போதகர் வாசித்தார். வழக்கம்போல் அழுதேன். அதே நேரத்தில் தோட்டத்தில் நடந்தது எனக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது.

துரை அன்று பால் நிறுக்கிற கொட்டகைக்கு நேரே வந்து, மண்டோரிடமிருந்து புத்தகத்தை வாங்கித் தானே பெயர் கூப்பிட்டிருக்கிறார். என் பெயர் வேதத்திலிருந்து எடுத்த பெயர், எந்தக் காதில் விழுந்தாலும் கிறிஸ்தவப் பெயர் என்று தெரிந்துவிடும். அந்தப் பெயருக்கு அக்கா, நெற்றி நிறைய திருநீறும் கழுத்தில் அம்மன் கயிறுமாக, பழக்கதோஷத்தில் ‘இருக்கேன்யா’ என்று என் வாளியை நீட்டியிருக்கிறாள். துரை அவளை மேலும் கீழும் பார்த்து, இன்றைக்குச் சர்ச்சுக்குப் போகவில்லையா என்று கேட்டிருக்கிறார்.

“வேலை இருக்குங்களே” என்றாளாம் அக்கா.

கொட்டகையே சிரித்திருக்கிறது. அந்தச் சிரிப்புத்தான் கெடுத்தது என்று மண்டோர் பின்னால் சொன்னார்.

மறுநாள் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். துரை மேசைமேல் ஒரு கடிதம் தயாராக இருந்தது. மலாயில் தட்டச்சு செய்தது. நான் தமிழ்ப் பள்ளியில் ஆறு வரை படித்தவள், மலாயை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் என்பதால் ஆபீஸ் கணக்குப்பிள்ளை கிராணி வாசித்துக் காட்டினார். வெள்ளிக்கிழமை எனக்குக் காய்ச்சல், வீட்டில் படுத்திருந்தேன். எனக்குத் தெரியாமல் பக்கத்து வீட்டுக்காரி என் பெயரைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்திவிட்டாள். நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன். இதுதான் விஷயம். கையெழுத்துப் போட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது. அக்காவுக்கு வேலை போகும். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டை இரண்டு வாரத்தில் காலி செய்ய வேண்டும். போடாவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து ஏமாற்றியதாக எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவார். திங்கட்கிழமை காலை வரை எனக்கு நேரம் கொடுத்தார்.

கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“போட்டுடு தங்கச்சி. ரெண்டு வீடு போறதுக்கு ஒரு வீடு போகட்டும். உனக்கு ரெண்டு புள்ளைங்க. எனக்கு ஒருத்தன்தானே, தோட்டத்துக்கு வெளிய எங்கயாச்சும் ஒரு கம்பத்துல போய் இருந்துக்குவோம்.”

சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். என் கணவரோ ‘நீ எதுவானாலும் செய், ஆனா யோசிச்சுச் செய்’ என்று சொல்லிவிட்டு லோரியைக் கழுவப் போய்விட்டார்.

மறுநாள் ஈஸ்டர். போதகர் மோட்டார் சைக்கிளில் எங்கள் தோட்டத்துக்கே வந்து, நிர்வாகம் கொடுத்திருந்த கொட்டகையில் ஆராதனை நடத்தினார். முடிந்ததும் அவருக்குத் தேநீர் கொடுத்துவிட்டுக் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு அதை நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“அதிகாரம் கடவுள் வச்சதும்மா. எதிர்த்து நிக்கிறது நமக்கு அழகில்ல. போட்டுடுங்க. அந்த அம்மாவுக்காக நாம எல்லாரும் ஜெபிப்போம்.”

“அவங்க வீட்டப் புடுங்கிக்கிட்டு அவங்களுக்காகவே ஜெபிக்கணுமா ஐயா?”

அவர் கெட்டவர் அல்ல. நாலு தோட்டத்துத் துரைமார் கொட்டகை கொடுத்தால்தான் அவருக்கு ஊழியம். அது எனக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் கோபம் கோபம்தான். அதிகாரத்துக்கு அடங்கு என்றால் அதிகாரம் சொல்கிற பொய்க்கும் கைநாட்டுப் போடு என்று அர்த்தமா என்று கேட்க வந்து, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்ததால் விழுங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் முழுக்கத் துரையிடம் பேச வேண்டியதை மனப்பாடம் செய்தேன். நீயெல்லாம் ஒரு துரையா என்று தொடங்கி, மங்கு கதை வழியாக, நாட்காட்டியில் வந்து முடியும். நன்றாகவே இருந்தது. துணி மடித்துக்கொண்டே இரண்டாம் முறை சொல்லிப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. இந்தப் பேச்சால் அக்காவுக்கு ஒரு குண்டுமணி பயன் இல்லை. என் வாய்க்குத்தான் தீனி. வெள்ளிக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து கேட்டேனே, ஆண்டவர் ஆளுநரைத் திட்டவும் இல்லை, ஆளுநர் முன் கொண்டுவந்த பொய்க்கு ஆமாம் போடவும் இல்லை. அதற்காகத்தானே அழுதேன்?

இன்னொன்றும் உறைத்தது, அது இதைவிட மோசம். துரையின் கடிதம் பொய் என்று குதித்தேனே, புத்தகத்தில் என் பெயருக்கு நேரே விழுந்த கோடு மட்டும் என்ன? ஆறு வருடமாக விழுகிறது. துரை முட்டாளாகவே இருந்தாலும் அந்தக் கோட்டை அவர் போடவில்லை. எனக்காக, எனக்குத் தெரிந்தே விழுந்த கோடு அது.

திங்கட்கிழமை துரை முன்னால் போய் நின்றேன். கடிதத்தை மேசையில் வைத்தேன்.

“ஐயா, எனக்குக் காய்ச்சல் இல்ல. நான் கோயிலுக்குப் போனேன். அந்த அக்கா திருடல. எனக்குத் தெரிஞ்சு, எனக்காகத்தான் என் பேருக்கு நின்னாங்க. அவங்க திருவிழாவுக்கு நானும் நின்னிருக்கேன். அது தப்பான கணக்குத்தான், ஒத்துக்கிறேன். தண்டனை கொடுக்கணும்னா எனக்கும் சேர்த்துக் கொடுங்க. ஆனா இதுல கையெழுத்துப் போட மாட்டேன்.”

வேறு யார் யார் இப்படி நிற்கிறார்கள் என்று கேட்டார். என்னைப் பற்றித்தான் நான் சொல்ல முடியும் ஐயா என்றேன். எழுதிக் கொடு என்றார். எனக்குத் தமிழ்தான் எழுத வரும் என்றேன். எழுதினேன். கிராணி அதை மலாயில் பெயர்த்தார். எப்போதும் துரைக்கு எது பிடிக்குமோ அதை எழுதுகிற மனிதர், அன்று என் வரிகளை ஒன்றுவிடாமல் எழுதினார். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெளியே வரும்போது கதவைக் கொஞ்சம் பலமாகச் சாத்திவிட்டேன். அதில் கிறிஸ்தவம் ஒன்றும் இல்லை.

வீடு போகவில்லை. இருவருக்குமே போகவில்லை. என் சாட்சியைக் கண்டு யாரும் மனம் திரும்பிவிடவில்லை. சுங்கை சோ, ரவாங் பக்கம் தொழிற்சாலைகள் வந்து இளம் பெண்களெல்லாம் பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்த காலம் அது. பால் வெட்ட ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. இரண்டு பேரை ஒரே நாளில் அனுப்பத் தலைமை அலுவலகத்துக்கு மனம் வரவில்லை. ஆளுக்கு இரண்டு வாரம் வேலை நிறுத்தி வைத்தார்கள். மண்டோருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். துரை அப்படியே இருந்தார், இன்னும் மூன்று வருடம். அதைத்தான் யாரும் பிரசங்கத்தில் சொல்வதில்லை. ஒரு நாள் துணிந்து பேசிவிடலாம். அதே ஆளுக்குத் தினமும் காலையில் வணக்கம் சொல்ல வேண்டுமே, அது கஷ்டம். சொன்னேன். பல நாள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

ஆனால் அந்த வழக்கம் போய்விட்டது. துரை பெரட்டில் டார்ச் விளக்கை முகத்தில் அடித்துப் பெயர் கூப்பிட ஆரம்பித்தார். ஒருத்தி ஒரு பெயருக்குத்தான் நிற்க முடியும்.

ஆடி மாதம் திருவிழா வந்தது. அந்த வருடம் அக்கா மகன் மஞ்சள் காமாலை வந்து பிழைத்திருந்தான். அதற்காகப் பால்குடம் எடுப்பதாக அக்கா வேண்டிக்கொண்டிருந்தாள். பால்குடம் சனிக்கிழமை காலை, துரை கொடுத்த லீவு ஞாயிற்றுக்கிழமை. நானே ஆபீசுக்குப் போனேன். அவளுக்கு அரை நாள் கொடுங்கள், என் லீவில் கழித்துக்கொள்ளுங்கள் என்று கைகட்டி நின்று கேட்டேன். என் வாழ்நாளில் ஒருவரிடமும் அப்படிக் கேட்டதில்லை. இப்போது மட்டும் மரியாதை வருகிறதா என்று கேட்டுவிட்டுக் கோப்பைத் திறந்துகொண்டார்.

சனிக்கிழமை அக்கா மரம் வெட்டினாள். அடுத்த மர நிரையில் நான். விடிந்து கொஞ்ச நேரத்தில் கோயில் பக்கமிருந்து மேளச் சத்தம் கேட்டது. பால்குடம் கிளம்பிவிட்டது. அக்கா கத்தியை மரத்தில் சாய்த்துவிட்டு, சத்தம் வந்த திசைக்குக் கையைத் தலைக்குமேல் கூப்பினாள். பிறகு கத்தியை எடுத்து அடுத்த மரத்துக்குப் போனாள். நான் மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். உண்மையைச் சொன்னவள் நான். குடம் எடுக்காமல் போனவள் அவள். என் நேர்மைக்கு அவள் ஏன் விலை கொடுக்க வேண்டும் என்று ஆண்டவரிடம் சண்டை போட்டேன்.

பால் நிறுக்கப் போகும்போது அவள் வாளியையும் சேர்த்து வாங்கிக்கொண்டேன். இன்னொருத்தி வாளியைத் தூக்கக் கூடாது என்று துரை இன்னும் சொல்லியிருக்கவில்லை. கொட்டகை வரை கேட்காமலிருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

“என்மேல கோவமாக்கா?”

“கோவந்தான்” என்றாள். கொஞ்ச தூரம் நடந்தோம்.

“நீதானேக்கா அந்த லெட்டர்ல போட்டுடுன்னு சொன்ன? போட்டிருந்தா...”

“சொன்னேன். நீ போட்டுடுவியோன்னு பயந்துகிட்டேதான் சொன்னேன்.”