கேசட்டில் ஏழு குறைகள்

தொண்ணூறுகளின் தொடக்கம். முதலிபாளையம் போகும் வழியில் இருந்த ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் சேர்ந்து எனக்கு இரண்டாவது வருடம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சாயப்பட்டறையில் வேலை செய்த அப்பா, யாராவது கேட்டால், "பையன் வெள்ளைக்காரங்களுக்கு இங்கிலீசுல லெட்டர் எழுதறானுங்க" என்பார். அந்தப் பேச்சுக்குப் பங்கம் வந்துவிடக் கூடாதே என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

எங்களுக்குப் பெரிய ஆர்டர் கொடுப்பவர் இங்கிலாந்தில் இருந்த ஒரு அம்மையார். பங்குனிக் கடைசியில் அவரிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. சாம்பிள் பனியன்களுக்கு நடுவே ஒரு கேசட். கூடவே கையால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு: 'இது நாங்கள் செய்தது. கேட்டுவிட்டு, மனதில் பட்டதை மறைக்காமல் எழுதுங்கள்.'

முதலாளி கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னன்னு கேட்டு எழுதிப் போடு கண்ணு. குளிர்கால ஆர்டர் இன்னும் கைக்கு வரலே, பாத்துக்க" என்றார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் டேப் ரெக்கார்டரில் போட்டேன். தபேலா இல்லை, ஆர்மோனியம் இல்லை, வெறும் குரல்கள். ஒருவர் நாலு சொல் பாடுவதற்குள் இன்னொருவர் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். அதற்குள் மூன்றாமவர். எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. ஒரு பதிவின் மேல் இன்னொரு பதிவு ஏறிவிட்டதா? இல்லை, நான் படித்த இங்கிலீஷ்தான் இவ்வளவா? யாரிடமாவது கேட்கலாம் என்றால் வெட்கம்.

கட்டிங் மாஸ்டர் பாய் சற்று நின்று கேட்டார். "சாமி பாட்டாட்டமா இருக்குதுப்பா. இதுக்குமா ரிப்போர்ட்டு?"

"எழுதச் சொல்லியிருக்காங்களே பாய்."

எங்கள் தொழிலில் ரிப்போர்ட் என்றால் குறைகள்தான். எந்த இடத்தில் தையல் விட்டிருக்கிறது, எங்கே நிறம் மாறியிருக்கிறது என்று வரிசை எண் போட்டு எழுதுவோம். வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியாது. வழக்கமாக ஃபேக்ஸ் அடிக்கும் டைப்பிஸ்ட் அக்கா ஈஸ்டருக்கு ஊருக்குப் போயிருந்ததால் நானே உட்கார்ந்து அடித்தேன். பாடுகிறவர்கள் சேர்ந்து தொடங்கவில்லை. வார்த்தை தெளிவில்லை. எதிரொலி அதிகம். இப்படி ஏழு. ஐந்தாவதாக, இரண்டாம் பக்கம் மூன்றாவது பாட்டில் ஒரு பெண் குரல் முந்தி வந்து, சட்டென்று நின்று, மறுபடி சேர்கிறது என்று எழுதினேன். மறுபதிவு செய்வது நல்லது என்று முடித்தேன்.

ஒரு வாரம் ஆயிற்று. பதிலும் இல்லை, ஆர்டரும் இல்லை.

"என்னத்தைத்தான் எழுதுனே கண்ணு?" என்றார் முதலாளி.

"கேட்டதை எழுதுனேனுங்க."

"வர்ற மாசம் நாப்பது மெஷினுக்கு வேலை இல்லையே" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

டைப்பிஸ்ட் அக்கா திரும்பி வந்ததும் கேசட்டையும் ஃபேக்ஸ் நகலையும் காட்டினேன். அவர் தூத்துக்குடிப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாடுகிறவர். ஒரு பாட்டு முழுக்கக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு நகலைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இது லத்தீன்ல பாடுற பூசைப் பாட்டுல்லா தம்பி. ஒருத்தர் பின்னால ஒருத்தர் வாறதுதான் இதுக்கு அழகே. அட்டைய வாசிக்கலியா நீ?"

வாசிக்கவில்லை. சரக்கைப் பார், அட்டையைப் பார்க்காதே என்று பழகியவன். அக்கா உள்ளே மடித்திருந்த தாளைப் பிரித்தார். நானூறு வருடத்துக்கு முந்தைய பாட்டுகள், ஒரு தேவாலயத்தில் பாடிப் பதிந்தவை என்று இருந்தது. கீழே பொடி எழுத்தில் பாடியவர்கள் பெயர். பெண்கள் வரிசையில், எங்கள் அம்மையாரின் பெயர்.

அன்றே மன்னிப்புக் கேட்டு ஃபேக்ஸ் அனுப்பினேன். மறுநாள் இரண்டு பக்கம் பதில் வந்தது. முதல் பக்கம் குளிர்கால ஆர்டர். இரண்டாவது பக்கம் அவர் கையெழுத்து:

'விடுமுறையில் இருந்ததால் தாமதம். நீங்கள் எழுதியதில் ஆறு, குறைகளே அல்ல. அந்தப் பாட்டுகள் அப்படித்தான். ஐந்தாவது, உண்மை. முந்திப் பாடியது நான்தான். கேசட்டை நிறையப் பேருக்குக் கொடுத்தேன், எல்லாரும் அருமை என்றார்கள். அந்த இடத்தைச் சொன்னது நீங்கள் ஒருவர்தான். மன்னிப்பெல்லாம் வேண்டாம்.'

நான் தமிழில் படித்துக் காட்டியதைக் கேட்டுவிட்டு முதலாளி, "அப்ப நீ எழுதுனது தப்பா, சரியா?" என்றார்.

"தெரியலீங்க."

இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது. எப்போதாவது போட்டுக் கேட்கிறேன். யார் எங்கே தொடங்குகிறார் என்பது இன்றும் பிடிபடுவதில்லை. ஆனால் அந்த ஒரு குரல் முந்தி வந்து நிற்கும் இடத்தில் மட்டும், தெரியாத ஒன்றைக் குறை சொன்ன வெட்கமும், காதில் விழுந்ததை மறைக்காமல் சொன்ன நிம்மதியும் ஒன்றாக வந்து, எது எனக்கு உரியது என்று புரியாமல் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறேன்.