மூன்றாம் வீட்டுப் பத்திரத்தில் எழுதிய பெயர்

நீல மட்டை போட்ட ஒரு சீஆர் கொப்பி, கணக்கு எழுதுகிற தடித்த நோட்டு. எங்கள் மாடிக் குடியிருப்பின் செக்ரட்டரி எங்கே போனாலும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் போவார். கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில் பன்னிரண்டு வீடுகள். தண்ணீர் மோட்டார் பழுதானாலும் குப்பை வண்டி வராவிட்டாலும் அந்தக் கொப்பியில்தான் ஏறும். அந்தப் பெண்ணுக்கும் எனக்கும் ஒரே வயது. கோட்டையில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் தட்டெழுத்து வேலை. பல்லிக்கும் பயம், பொலிசுக்கும் பயம், கூட்டத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தால் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். அப்படிப்பட்டவரை ஏன் செக்ரட்டரி ஆக்கினீர்கள் என்று கேட்பீர்கள். ஆக்கியது நான்தான். வருடாந்தக் கூட்டத்தில் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். எங்கே என் தலையில் விழுந்துவிடுமோ என்ற அவசரத்தில், “இவவின்ர கையெழுத்து நல்லம்” என்று முன்மொழிந்துவிட்டேன். மறுக்கத் தெரியாமல் அவர் ஓம் என்றார்.

நான் பம்பலப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் குரல் கடைசி வாங்கு வரைக்கும் கேட்கும். அதனால் என்னை எல்லோரும் துணிச்சல்காரி என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

யுத்த காலம். தமிழ் வீடு என்றால் உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பத்திரம் நிரப்பி, பொலிஸ் நிலையத்தில் முத்திரை குத்தி வைத்திருக்க வேண்டும். என் வீட்டில் நாங்கள் நாலு பேர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து விசாவுக்காகக் காத்திருந்த என் தம்பியும் மற்ற உறவுக்காரருமாக இன்னும் ஐந்து பேர். முதல்முறை பத்திரத்தைக் கொண்டுபோனபோது மேசையிலிருந்த பொலிஸ்காரர், “இது வீடா, லொட்ஜா?” என்று கேட்டார். பத்திரத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். அன்று பின்னேரமே செக்ரட்டரி சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் போய் நின்றேன். மூன்றாம் வீட்டில் ஓய்வுபெற்ற ஐயாவும் மனைவியும் மட்டும். அவர்களுடைய பத்திரத்தில் இடம் வெறுமனே கிடக்கிறது. தம்பியின் பெயரை அங்கே எழுதினால் என்ன? மற்ற வீட்டுக்காரரும் இப்படிப் பங்கிட்டால் யார் கண்ணிலும் குத்தாதே என்றேன்.

“பொய் எழுதுறதோ டீச்சர்? பிடிபட்டால்?”

“ஆர் வந்து பாயை எண்ணப் போகினம்? சும்மா எழுதுங்கோ.”

எழுதினார். பன்னிரண்டு பத்திரமும் அவருடைய வடிவான கையெழுத்தில் தயாராயின. தம்பி மூன்றாம் வீட்டு ஐயாவின் மருமகன் ஆனான். ஆனால் உண்மையில் யார் எங்கே படுக்கிறார்கள் என்பதை அந்த நீலக் கொப்பியில் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டார். “இல்லாட்டி எனக்கே மண்டை குழம்பிப் போடும்” என்றார். அதற்கும் நான் சிரித்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அடுப்பில் தேத்தண்ணிக்குக் கேத்தில் வைத்திருந்த நேரம், பொலிசும் இராணுவமும் வந்து எல்லோரையும் முற்றத்துக்கு இறக்கினார்கள். அதிகாரி பத்திரத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். தம்பியின் முறை வந்ததும் மூன்றாம் வீட்டு ஐயாவைப் பார்த்து, “இவன் உங்களுக்கு யார்?” என்று கேட்டார். தன் பத்திரத்தில் யாரை எழுதியிருக்கிறது என்று அந்த மனிசனுக்கு அடியோடு மறந்துபோயிற்று. பயத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “எனக்கு இந்தப் பொடியனைத் தெரியாது” என்றார். ஐயோ, தம்பியின் முகத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. அதே மாதிரி இன்னும் இரண்டு பேர் மாட்டினார்கள். மூன்று பேரையும் ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பின்னேரத்துக்குள் எடுக்காவிட்டால் தெற்கே இருக்கும் முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள், பிறகு எடுப்பது குதிரைக் கொம்பு என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆண்கள் போனால் அவர்களையும் பிடித்து வைப்பார்கள். ஆகவே பெண்கள் ஏழு பேர் புறப்பட்டோம். பெருந்தெருவான காலி வீதிச் சந்தியில் செக்ரட்டரி நின்றுவிட்டார். நீலக் கொப்பியை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தார்.

“டீச்சர், என்னால ஏலாது. நீங்கள் நல்லாக் கதைப்பீங்கள். நீங்கள் முன்னுக்கு நடவுங்கோ.”

“நீங்கள்தானே செக்ரட்டரி” என்றேன். இன்றைக்கும் அந்தச் சொல்லை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.  அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தார்.

பொலிஸ் நிலையத்தில் பத்து மணி வரைக்கும் நிற்கவைத்துவிட்டு உள்ளே கூப்பிட்டார்கள். பொறுப்பதிகாரி மேசையில் பன்னிரண்டு பத்திரத்தையும் பரப்பினார். எல்லாம் ஒரே கையெழுத்து. யார் எழுதியது என்று சிங்களத்தில் கேட்டார்.  யோசனை என்னுடையது, உள்ளே இருப்பது என் தம்பி, சிங்களமும் எனக்குத்தான் நல்லாக வரும். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“மம தமய் லிவ்வே” என்று ஒரு குரல் கேட்டது. நான்தான் எழுதினேன் என்று. செக்ரட்டரி.  கொப்பியைத் திறந்து அதிகாரியின் முன்னால் வைத்தார். கந்தோர்ச் சிங்களத்தில் தட்டித் தடவிச் சொன்னார்: பத்திரம் பிழை, இதுதான் சரி, எந்த வீட்டில் யார் படுக்கிறார்கள், எந்தத் திகதியில் வந்தார்கள், எல்லாம் இருக்கிறது, வேண்டுமென்றால் இப்போதே வந்து பாருங்கள்.  பன்னிரண்டு வீட்டின் உண்மையையும் தூக்கிக் கொடுத்துவிட்டாரே!

“ஏன் பொய் எழுதினீர்?”

“பயட்ட, மஹத்தயா” என்றார். பயத்தில்தான், ஐயா என்று.

அதிகாரி கொப்பியை வெகுநேரம் புரட்டினார். இரண்டு பொலிஸ்காரரை அனுப்பி வீடுகளைப் பார்த்துவரச் சொன்னார். கொப்பியில் இருந்தபடியே இருந்தது. செக்ரட்டரியிடம் வாக்குமூலம் எழுதி வாங்கினார், அடுத்த முறை உள்ளே போடுவேன் என்று கத்தினார், மூன்று மணிக்கு மூன்று பேரையும் விட்டார். வெளியே வந்ததும் செக்ரட்டரி மதிலோரம் குந்தியிருந்து ஓங்காளித்துச் சத்தி எடுத்தார். நான் முதுகைத் தடவிவிட்டேன். 

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் கூட்டம். அவருக்கு ஒரு நன்றி சொல்வார்கள் என்று பார்த்தால், ஒன்பதாம் வீட்டுக்காரர் எழும்பி, “ஆரின்ர கோணல் புத்தி இது? மூண்டு பொடியளின்ர உயிரோடை விளையாடினவ எப்படிச் செக்ரட்டரியா இருக்கிறது?” என்று பாய்ந்தார். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். செக்ரட்டரி என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், கோபமாவது வந்திருக்கும். நான் எழும்பினேன். வகுப்பில் எழும்பும் குரல் வரவில்லை, ஏதோ கீச்சுக் குரல்தான் வந்தது.

“அது என்ர யோசனை. அவ வேண்டாம் எண்டவ. நான்தான் எழுதச் சொன்னனான். பொலிஸிலையும் நான் வாய் திறக்கேல்லை.”

 என் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். செக்ரட்டரி பேனையை எடுத்தார்.

“அப்ப டீச்சரை உதவிச் செக்ரட்டரியாப் போடுறன். அடுத்த முறை ரெண்டு பேராப் போவம். எனக்குத் தனியப் போகப் பயம்.”

வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அந்தக் கட்டடத்தை விட்டு வெளிக்கிடும் வரைக்கும், எத்தனை தரம் என்று நினைவில்லை, அவரோடு அந்தப் பொலிஸ் நிலையப் படியேறினேன். கனடாவிலிருந்து பழைய ஆட்கள் போன் எடுத்து, “டீச்சர், அந்த நேரம் நீங்கள் என்ன மாதிரித் துணிஞ்சு நிண்டனீங்கள்” என்று சொல்லும்போது நான் மறுப்பதில்லை. முதல் நாள் நான் எங்கே பார்த்துக்கொண்டு நின்றேன் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.